ஆற்றங்கரைத் தோழர்கள்: தேம்ஸ் கரை நாட்குறிப்பு

பிப்ரவரி 26
கென்னத் கிரஹாமின் ‘தி விண்ட் இன் தி வில்லோஸ்’ (1908) கதையில் தேரைக்குக் கார் பைத்தியம். நிஜத் தேரைக்கோ கார்தான் எமன். குளிர்காலத் தூக்கம் கலைந்ததும் பிறந்த குளத்தைத் தேடிக் கிளம்பிவிடும். மழை ஈரம், 5 டிகிரிக்கு மேல் வெப்பம், இருட்டு மூன்றும் கூடிய இரவில் கூட்டமாகச் சாலையைக் கடக்கும். ஆண்கள் பெண்ணுக்காகச் சாலையிலேயே காத்திருப்பதால் சாவு இன்னும் கூடுகிறது. உதவப் போனால் டார்ச்சும் உயரமான வாளியும் ஒளிரும் மேலங்கியும் வேண்டும். கை ஈரமாக இருக்கட்டும். க்ரீம் பூசிய கையால் தொடவே கூடாது, தேரையின் தோல் அதை உறிஞ்சிவிடும். அது போய்க்கொண்டிருந்த பக்கத்தில்தான் இறக்கிவிட வேண்டும். வந்த பக்கமே விட்டால் மறுபடி சாலைக்கு வரும். ஆணை முதுகில் சுமந்துவரும் பெண்ணைப் பிரிக்காமல் சேர்த்தே தூக்குங்கள்.

மார்ச் 18
குளத்தில் முட்டை. நீர்ச்செடிகளைச் சுற்றி நீள இழையாக ஓடினால் தேரை, கொழகொழவென்று குவியலாக மிதந்தால் தவளை.

ஏப்ரல் 7
வசந்தத்தில் வீட்டைச் சுத்தம் செய்வதை விட்டுவிட்டு வெளியே ஓடிவருகிறது கதையின் அகழெலி. நிஜ ஆண் அகழெலியும் வசந்தத்தில்தான் பெண்ணைத் தேடிப் புதுச் சுரங்கம் தோண்டும். ஐந்தாம் அத்தியாயத்தில் அது தன் பழைய வீட்டை மோப்பத்தால் அறிகிறது. கண் மங்கல், மூக்கே துணை என்ற இயல்பு தெரிந்தவருக்கு அந்தப் பக்கங்கள் நெஞ்சைப் பிசையும். குட்டை ரோமம் எந்தப் பக்கமும் படியும். அதனால்தான் சுரங்கத்தில் பின்னோக்கியும் போக முடிகிறது. மண்புழுவின் தலைப்பக்கம் கடித்து, நகர முடியாமல் உயிரோடு சேமித்து வைக்கும். மற்றபடி தனிக்கட்டை. தோழமை முழுக்க கிரஹாம் கொடுத்தது.

ஏப்ரல் 29
கதையில் வரும் இன்னொரு தோழன் பேட்ஜர், மண்ணில் வளை தோண்டி வாழும் கீரியைவிடப் பருத்த விலங்கு. அதன் வளை வாசல் படுக்கவைத்த ‘D’ போல, சுமார் 25 செ.மீ. அகலம். வாசலில் கிடக்கும் முடியை விரலிடையே உருட்டிப் பாருங்கள்: உருளாமல் தடுக்கினால் பேட்ஜர். முயல் முடி வழுக்கிக்கொண்டு உருளும்.

மே 11
கதையின் ராட்டி எலியே அல்ல, வாட்டர் வோல் என்னும் ஆற்றங்கரைக் கொறிவிலங்கு. மழுங்கிய மூக்கு, ரோமத்தில் மறைந்த காது, மயிர் படர்ந்த குட்டை வால். எலிக்குக் கூர்மூக்கு, விறைத்த காது, மொட்டை வால். விலங்கு கண்ணில் படாவிட்டாலும் கரையோரம் அதன் சாப்பாட்டு மேடை காட்டிக்கொடுக்கும்: சுமார் 10 செ.மீ. நீளத்துக்குக் கத்தரித்த புல்தண்டுகள், நுனி சாய்வாக வெட்டுப்பட்டு, குவியலாகக் கிடக்கும். வளை வாசலைச் சுற்றிப் புல்லை ஒட்ட மேய்ந்திருக்கும். நாயைக் கரையில் அவிழ்த்துவிட்டு இதைத் தேடாதீர்கள்.

மே 25
வோலை அழிப்பது அமெரிக்க மிங்க், கீரி போல ஒல்லியான வேட்டை விலங்கு. ரோமத்துக்காகப் பண்ணைகளில் வளர்க்க 1929இல் பிரிட்டனுக்குக் கொண்டுவந்தார்கள். தப்பியவை ஆறுகளில் பெருகின. பெண் மிங்கின் உடல் வோல் வளைக்குள்ளேயே நுழையும் அளவு ஒல்லி, ஆகவே வோலுக்கு ஒளிய இடமில்லை. மிங்க் இருக்கிறதா என்று அறிய மிதவை கட்டுகிறார்கள். மிதவையின் நடுவே மரச் சுரங்கம், அதனுள் பூ செருகும் பஞ்சு, மேலே களிமண்ணும் மணலும் கலந்த பூச்சு. பஞ்சு ஆற்றுநீரை உறிஞ்சிப் பூச்சை ஈரமாகவே வைத்திருக்கும். காய்ந்தால் தடம் பதியாது. ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை பார்த்து, மேற்பரப்பைத் தடவிச் சமன்செய்ய வேண்டும். கயிற்றைத் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கினால் ஆறு ஏறும்போது மிதவை கவிழும்.