ஏறிய கட்டில் இறங்கவில்லை

போன ஞாயிறு காலையிலேயே காசிமேட்டிலிருந்து போன். "அண்ணே, கட்டில் ஏறிச்சு, இறங்க மாட்டேங்குது. ஆயா ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே கிடக்கு." பட்டனை அழுத்தினால் தலைமாடு எழும்பும் ஆஸ்பத்திரிக் கட்டில், பழைய சாமானாக வாங்கியது. நான் தண்டையார்பேட்டையில் மோட்டார் காயில் கட்டுகிறவன். கட்டில் எனக்குப் புதுசு. சரி, உள்ளே இருப்பதும் மோட்டார்தானே என்று கிளம்பினேன்.

"இன்னாப்பா, எவ்ளோ நேரம் இப்படியே குந்திக்கினு இருக்கிறது?" என்றார் ஆயா. அவரை நாற்காலிக்கு மாற்றினோம்.

பேரனும் அவன் சிநேகிதனும் தலைமாட்டை அமுக்கி இறக்கப் பார்த்திருக்கிறார்கள். அசையுமா? கட்டிலுக்கு அடியில், தலைமாட்டைத் தள்ளி ஏற்றி இறக்கும் ஆக்சுவேட்டரில் ஒரு 24 வோல்ட் டிசி மோட்டார். அதன் வார்ம், அதாவது திருகுப் பல் வெட்டிய தண்டு, ஒரு நைலான் பல்சக்கரத்தைச் சுழற்றும், அதோடு நீளமான மரைத்தண்டும் சுற்றும். தண்டில் ஏறியிருக்கும் நட்டைச் சுற்ற விடாமல் பிடித்திருப்பதால் அது முன்னே பின்னேதான் போக முடியும். பட்டறை வைஸ் மாதிரி: கைப்பிடி சுற்றும், தாடை நகரும். கழற்றி அளந்தேன், பத்துச் சுற்றுக்கு நட் போனது 3 செ.மீ. மரையின் சரிவு அவ்வளவு குறைவு. அதனால் நட்டை எவ்வளவு தள்ளினாலும் உராய்வை மீறித் தண்டு திரும்பாது. லாரிக்கு முட்டுக் கொடுத்த ஸ்குரூ ஜாக்கி தானாக இறங்காததும் இதனால்தான். மரைக்கும் நட்டுக்கும் நடுவே குண்டுகள் உருளும் பால் ஸ்குரூ என்றால் கதை வேறு, தள்ளினால் நழுவும், தனியாக பிரேக் வேண்டும்.

இறக்குவதற்கு மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் போதும். ரிமோட் பட்டன் ப்ளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். மீட்டரில் 24 வோல்ட் சரியாக வந்தது. மோட்டார் மட்டும் பேசவில்லை.

இரண்டு கோடியிலும் ஒவ்வொரு லிமிட் ஸ்விட்ச் உண்டு. நட் போய் இடித்ததும் ஸ்விட்ச் திறந்து கரண்ட் நின்றுவிடும், இல்லாவிட்டால் மோட்டார் முட்டி நின்று காயில் கருகும். ஆனால் திறந்த ஸ்விட்ச் வழியே திரும்பி வருவது எப்படி? அதற்குத்தான் ஸ்விட்ச்சின் குறுக்கே ஒரு டயோடு, கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் சாமான். ஏறும்போது அது அடைப்பு. துருவம் மாறினால் கரண்டுக்கு வழி விடும். நட் கொஞ்சம் விலகியதும் ஸ்விட்ச் மறுபடி மூடிக்கொள்ளும். டயோடுக்கு ஒரு நொடி வேலைதான்.

அந்த டயோடின் ஒரு கால் பச்சை பூத்து இற்றுப் போயிருந்தது. காசிமேட்டு உப்புக் காற்று எதை விட்டது? ஸ்விட்ச்சின் இரண்டு முனைக்கும் ஒரு ஒயரைத் தொட்டேன். கட்டில் முனகிக்கொண்டே இறங்கியது. டப்பாவில் கிடந்த 3 ஆம்பியர் டயோடு ஒன்றை வெள்ளிக்கோட்டுப் பக்கம் பார்த்துப் பற்றவைத்து, மேலே பசை பூசினேன்.

பேரன் ரிமோட்டை வாங்கி ஏற்றி, இறக்கி, ஏற்றி, இறக்கி விளையாட ஆரம்பித்தான். ஆக்சுவேட்டர் மேல் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினேன்: 2 நிமிடம் ஓட்டம், 18 நிமிடம் ஓய்வு. "அப்போ பதினெட்டு நிமிஷம் நான் படுக்கிறேன், யாரும் தொடாதீங்க" என்று ஆயா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.