லூ க்ரோஸாவின் நேர் உதையைப் பழகிப் பார்த்தல்

அமெரிக்கக் கால்பந்தில் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணிக்காக 1946 முதல் 1967 வரை, முதுகுக் காயத்தால் விலகியிருந்த 1960 நீங்கலாக, ஆடிய லூ க்ரோஸாவைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அவருடைய வலது காலைப் பற்றியே எழுதுகிறார்கள். ஆனால் 1959 வரை அவர் ஒரு லைன்மேன், அதாவது முன்வரிசையில் நின்று எதிரணியினரோடு மோதுபவர். 6 அடி 3 அங்குல உயரமும் ஏறக்குறைய 240 பவுண்டு எடையும் கொண்ட லெஃப்ட் டாக்கிள், அந்த வரிசையின் இடப்பக்கத் தடுப்பாளர். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஆட்டோ கிரஹாமை எதிரணியினர் நெருங்கவிடாமல் தடுப்பது அவருடைய அன்றாடப் பணி. தரையில் நிறுத்திய பந்தைக் கோல் கம்பங்களுக்கு இடையே உதைத்து மூன்று புள்ளிகள் பெறும் ஃபீல்டு கோல் உதை அதற்கு இடையில் வந்து சேர்ந்த கூடுதல் பொறுப்பு. இரண்டையும் ஒரே உடல் எவ்வாறு சமாளித்தது என்பதை அறியவே அவருடைய உதைமுறையைப் பழகி வருகிறேன்.

இன்று அனைவரும் பக்கவாட்டில் ஓடிவந்து புறங்காலால் உதைக்கிறார்கள். க்ரோஸா பந்துக்கு நேர் பின்னால் நின்று கால்விரல் முனையால் உதைத்தார். அதற்கென முனை சதுரமான பூட்ஸ் அணிந்தார். அது கடைகளில் கிடைக்காததால், பழைய பூட்ஸின் முனையில் தடித்த தோலைத் தட்டையாகத் தைக்கச் செய்தேன். கணுக்கால் சற்றே தளர்ந்தாலும் பந்து பக்கவாட்டில் சுழன்றுவிடுகிறது. கணுக்காலை இறுக்கிப் பூட்டிக்கொண்டு, பந்தின் நடுவுக்குச் சற்றுக் கீழே அடித்தால்தான் அது எழுகிறது. திசைக்காக அவர் தொடக்க காலத்தில் ஓர் ஒட்டுநாடாவைத் தரையில் விரித்துக்கொள்வார். என்எஃப்எல் என்னும் தொழில்முறை லீக் பின்னர் அதைத் தடைசெய்தது. நானும் நாடா விரித்துப் பார்த்தேன்: கண் கம்பத்தை நோக்கி உயராமல் கோட்டிலேயே தங்குகிறது, அதனால் தலையும் தாழ்ந்தே இருக்கிறது. தடை விதித்தவர்களின் எரிச்சல் எனக்குப் புரிகிறது.

நண்பர் ஒருவரை நெஞ்சோடு நெஞ்சாகத் தள்ளித் தடுக்கும் பயிற்சியைச் செய்து முடித்து, மூச்சு அடங்குவதற்குள் உதைப்பதே மிகக் கடினமான பகுதியாக இருக்கிறது. தொடை நடுங்குவதால் ஊன்றும் இடது கால் பந்துக்கு மிக அருகில் விழுந்துவிடுகிறது. லீக்கில் பாதி உதைகள்கூடத் தேறாத 1953இல் அவர் 26 முயற்சிகளில் 23ஐ வெற்றியாக்கினார் என்னும் கணக்கை, இந்தப் பயிற்சிக்குப் பின்தான் உரிய வியப்போடு பார்க்கிறேன்.

இப்போதைய இலக்கு 1950 டிசம்பர் 24 அன்று அவர் உதைத்த 16 கஜ ஃபீல்டு கோல். லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் 28-27 என முன்னிலையில் இருக்க, 28 விநாடிகள் மீதமிருந்தபோது, சக ஆட்டக்காரர் டாமி ஜேம்ஸ் பந்தைத் தரையில் பிடித்து நிறுத்த, க்ரோஸா உதைத்து 30-28 என்று சாம்பியன் பட்டத்தைப் பெற்றுத் தந்தார். அன்று கோல் கம்பங்கள் கோல் கோட்டிலேயே நின்றன. 1974இல் அவை 10 கஜம் பின்னுக்குச் சென்றதால், அதே இடத்திலிருந்து இன்று உதைத்தால் 26 கஜம் ஆகும். நான் பழகும் மைதானத்தின் கம்பங்களும் பின்னால்தான் உள்ளன. ஆகவே தொலைவைக் கம்பத்திலிருந்து அளந்துகொள்கிறேன். ஓய்வான கால்களுடன் 16 கஜம் எளிதாகவே கைகூடுகிறது, தடுப்புப் பயிற்சிக்குப் பின் இன்னும் உறுதிப்படவில்லை. அடுத்த கட்டமாக நண்பரைப் பந்து பிடிக்கவைத்து, ஸ்னாப்பின், அதாவது பந்து பின்னால் அனுப்பப்படுவதன், வேகத்துக்கு ஏற்ப அடியெடுத்து வைக்கப் பழகப்போகிறேன்.