எரிந்த சரிவில் கௌதாரி எண்ணப் போகிறவர்களுக்கு

எம்.எஸ்ஸி. விலங்கியல் கடைசி வருடம் சேர்வராயன் மலையடிவாரத்தில் ஆய்வுத்திட்டம் செய்தேன். காட்டுத்தீக்குப் பிறகு கௌதாரி, காடை, காட்டுக்கோழி என்ன ஆகின்றன என்பது தலைப்பு. இதே மாதிரி தலைப்பு யோசிக்கிற தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

முதலில் நான் வழுக்கிய இடம். மார்ச்சில் ஏற்காடு ரோட்டுக்கு மேலே ஒரு சரிவு எரிந்தது. நாலாம் நாள் விடியலில் போனேன். சாம்பலைக் காலால் கிளறிக் கௌதாரிகள் விதையும் பூச்சியும் பொறுக்கிக்கொண்டிருந்தன. ஒன்பது எண்ணினேன். பக்கத்தில் எரியாத உண்ணிச்செடிப் புதரில் இரண்டுதான். சந்தோஷமாக, ‘தீக்குப் பின் எண்ணிக்கை கூடுகிறது’ என்று எழுதிவிட்டேன். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளித்தேர்வாளர் அந்த வரியில் பேனாவை வைத்து, “புதருக்குள்ள இருந்தது உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுதா?” என்றார். என்னிடம் பதில் இல்லை. புல் கருகினதால் ஒன்பதும் கண்ணில் பட்டன, அவ்வளவுதான்.

அதனால் காதால் எண்ணுங்கள். விடியலில் ஒரே இடத்தில் பத்து நிமிடம் நின்று எத்தனை குரல், எந்தத் திசை என்று குறியுங்கள். எரியக்கூடிய சரிவு, எரியாத ஓடைக்கரை இரண்டிலும் ஜனவரியிலேயே தொடங்குங்கள். தீ வந்தபின் தொடங்கினால் எதோடு ஒப்பிடுவீர்கள்? சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் குரலைப் பழகுவது எளிது; நாட்டுச்சேவல் கூவ ஆரம்பித்துப் பாதியில் தொண்டை கட்டினது போல இருக்கும்.

அடுத்து, மாதங்கள். இங்கே தீ பிப்ரவரி முதல் மே வரை. காட்டுக்கோழி பெரும்பாலும் அதே மாதங்களில்தான் தரையில் சருகு ஒதுக்கி நாலு முதல் ஏழு முட்டை இட்டு, சுமார் 21 நாள் அடைகாக்கும். கௌதாரி ஏப்ரலுக்குப் பிறகுதான் மும்முரமாக முட்டையிடும் என்பதால் பிப்ரவரித் தீயில் ஓரளவு தப்பும். நாகலூர்ப் பக்கம் ஒரு தாத்தா இதைச் சுருக்கமாகச் சொன்னார்: “கோழி பறந்துரும் கண்ணு, முட்டை எங்க பறக்கும்?” என் ரிப்போர்ட்டின் மூன்றாம் அத்தியாயம் மொத்தமும் அதுதான்.

அவரே இன்னொன்றும் காட்டினார். எரியாமல் மிஞ்சிய ஓடையோரப் பச்சையில், முழங்காலுக்குக் கீழே கம்பிக் கண்ணி. சரிவு எரிந்ததும் கோழியெல்லாம் அந்தக் குறுகின பட்டைக்குள் ஒதுங்குகிறது. கண்ணி வைப்பவனுக்கு வழி தேடும் வேலை மிச்சம். தீயின் பாதிப்பை எழுதும்போது இதை விட்டுவிடாதீர்கள். நான் அடிக்குறிப்பில் தள்ளியிருந்தேன். கண்ணியைப் பார்த்தால் தொடாமல் வனக்காவலரிடம் சொல்லுங்கள்.

படிக்கக் கிடைப்பதில் பெரும்பகுதி அமெரிக்கா, ஸ்காட்லாந்து. ஜார்ஜியா, ஃபுளோரிடா பக்கம் 1920களில் ஹெர்பர்ட் ஸ்டாடர்ட் என்ற ஆய்வாளர் பாப்வொயிட் என்னும் அந்த ஊர்க் காடையை ஆராய்ந்து, கணக்காக வைக்கும் தீ அதற்கு நல்லது என்று காட்டினார். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் கதை வேறு. அங்கே சேஜ் புதர் எரிந்தால் திரும்ப வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். இடையில் சீட்கிராஸ் என்னும் வந்தேறிப் புல் புகுந்து அடுத்த தீக்கு விறகாகிறது, அந்தப் புதரையே நம்பி வாழும் சேஜ் க்ரௌஸ் என்னும் கோழியினப் பறவை ஒதுங்க இடமில்லாமல் போகிறது. இரண்டையும் கலந்து ‘தீ நல்லது’ என்றோ ‘தீ கெட்டது’ என்றோ நம் மலைக்கு ஒட்டினால் மாட்டுவீர்கள். நான் முதல் டிராஃப்டில் ஒட்டினேன்.

அங்கே அந்த ஆய்வுகளில் வேட்டை சீசனும் உரிமமும் சேர்ந்தே வரும். இங்கே 1972 வனவிலங்குச் சட்டத்திலும் உரிமம் வாங்கிச் சுட வழி இருந்தது; 1991 திருத்தம்தான் அதை எடுத்தது. அந்தச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் அடங்கும். “அப்போ ஆட்டுக்குப் புல் முளைக்கட்டும்னு தீ வைக்கிறவர் வேட்டையாடினவரா?” என்று கேட்டார் தேர்வாளர். ஐந்து நிமிடம் உளறினேன். நீங்கள் வரையறைப் பிரிவை வரிவரியாகப் படித்துவிட்டுப் போங்கள்.

கடைசியாக, வனத்துறை அனுமதிக்கான விண்ணப்பத்தை நவம்பரிலேயே கொடுங்கள். நான் ஜனவரியில்தான் கொடுத்தேன். அனுமதி வரும்வரை ரோட்டோரமும் பட்டா நிலத்து வரப்பும்தான் என் காடு. என் அட்டவணையில் ஜனவரி, பிப்ரவரிக் கட்டங்கள் பாதி காலியாகக் கிடப்பது அதனால்தான்.