வாராவாரம் நான்கு கேள்விகள்

நீண்டதூர ஓட்டக்காரர்களின் உடல்நலம் குறித்த ஆய்வுக்கு ஆள் தேவை என்று அறிவித்தபோது, எனக்கு ஆசை காட்டியது இலவச டிரெட்மில் சோதனைதான். அது ஒரு காலைப்பொழுதோடு முடிந்துபோனது. என்னை உண்மையில் படுத்தி எடுத்தது, பருவம் முழுவதும் வாராவாரம் கைபேசிக்கு வந்த நான்கு கேள்விகள்.

ஒப்புதல் படிவத்தைக் கடைசிப் பக்கம் புரட்டிக் கையெழுத்திடுவதே எங்கள் வழக்கம். இந்த முறை இரண்டு விஷயங்களைக் கேட்டுத் தெளிந்துகொண்டேன். என் பதில்கள் பயிற்சியாளர் பார்வைக்குப் போகுமா? பாதியில் விலகலாமா? போகாது, பெயருக்குப் பதில் குறியீட்டு எண்தான் இருக்கும், காரணம் சொல்லாமலே விலகலாம் என்றார் ஆய்வாளர். மனிதர்களை வைத்து நடத்தும் மருத்துவ ஆய்வுகளுக்கு 1964 முதல் வழிகாட்டிவரும் ஹெல்சிங்கி பிரகடனம் வலியுறுத்தும் உரிமைகள் இவை. வலியைச் சொன்னால் அணித்தேர்வில் பெயர் நீக்கப்படும் என்ற பயம் உள்ளவரை எந்த வீரரும் உள்ளதை எழுதமாட்டார். ஆகவே முதல் கேள்வியைக் கேட்காமல் யாரும் கையெழுத்திடாதீர்கள்.

ஆய்வகத்தில், உடல் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்று அளக்க, மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி மாட்டினார்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை வேகம் கூடும். இடையே நிறுத்திக் காதுமடலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுப்பார்கள். எடுக்குமுன் மடலை நன்றாகத் துடைத்து, முதல் சொட்டையும் துடைத்தெறிந்துவிட்டு அடுத்ததைத்தான் பிடித்தார்கள். அதில் அளப்பது லாக்டேட்டை, கடுமையாக உழைக்கும்போது தசைகளிலிருந்து இரத்தத்தில் சேரும் பொருள் அது. வியர்வையிலும் லாக்டேட் உண்டு. அது கலந்தால் அளவு பொய்யாகிவிடும். முகமூடிக்குள் பேச முடியாததால், எவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதை 6 முதல் 20 வரை எண்கள் போட்ட போர்க் (Borg) அளவுகோல் அட்டையில் விரலால் காட்ட வேண்டும். கடைசியில் வேகம் ஏறியும் ஆக்சிஜன் கோடு ஏறாமல் படுத்துவிட்டது. அதுதான் என் உச்ச அளவு. ஓட்டக்காரர்கள் தம்பட்டம் அடிக்கும் எண் அதுவே. பயிற்சியைத் திட்டமிட எனக்கு உதவியதோ லாக்டேட் அளவுகள்தான்.

இனி அந்தக் கேள்விகள். ஆஸ்லோ விளையாட்டுக் காய ஆய்வு மையம் உருவாக்கி 2013-இல் வெளிவந்த கேள்வித்தாள் அது. பயிற்சியில் கலந்துகொண்டீர்களா, பயிற்சியின் அளவு குறைந்ததா, திறன் பாதிக்கப்பட்டதா, அறிகுறிகள் எவ்வளவு? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 25 வரை மதிப்பெண், பிரச்சினை கூடக் கூட மதிப்பெண்ணும் கூடும். கூட்டினால் உச்சம் 100. காயம் மட்டுமல்ல, சளி, இருமல், வயிற்றுப்போக்கு எல்லாம் கணக்கில் வரும். பழைய ஆய்வுகள் பலவற்றில், பயிற்சிக்கு வரமுடியாமல் போனால்தான் அது காயம். தசைநாண் வலியோடு மாதக்கணக்கில் ஓடுகிறவர் அந்தக் கணக்கின்படி முழு ஆரோக்கியசாலி!

நானே அப்படியொரு ஆரோக்கியசாலிதான். காலையில் கட்டிலைவிட்டு இறங்கினால் குதிகால் தசைநாண் விறைத்திருக்கும். நொண்டிக்கொண்டே நடந்தால் சரியாகிவிடும். மாலை ஓட்டத்தில் தெரியவே தெரியாது. இதைப் போய் எழுதுவதா? "முழுமையாகக் கலந்துகொண்டேன், உடல்நலப் பிரச்சினை இல்லை" என்பது முதல் விடை. "முழுமையாகக் கலந்துகொண்டேன், ஆனால் பிரச்சினை உண்டு" என்பது இரண்டாவது. விரல் தானாக முதலாவதற்கே போகும். ஆய்வாளரிடம் கேட்டேன். "ஓடினீர்களா என்று மட்டும் நாங்கள் கேட்கவில்லை. எதைத் தாங்கிக்கொண்டு ஓடினீர்கள் என்பதும் வேண்டும்" என்றார். இரண்டாவதைத் தொட்டேன். அப்படித் தொடுவதற்கு ஒவ்வொரு வாரமும் மனதோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

முடிவில் தந்த வரைபடத்தில், நான் ஓய்வெடுத்து உட்கார்ந்த வாரங்களுக்கு வெகு முன்பே சின்னச் சின்ன மதிப்பெண்கள் தலைகாட்டியிருந்தன. நாள் தவறியதை மட்டும் எண்ணியிருந்தால் அவை எதுவும் பதிவாகியிருக்காது.

இரத்தப் பரிசோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. ஹீமோகுளோபின் இயல்பாக இருந்தது. இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் மட்டும் குறைவு. எதிர்பாராத குறை தென்பட்டால் தெரிவிக்கலாம் என்று படிவத்தில் சம்மதித்திருந்ததால்தான் சொன்னார்கள். ஆய்வுக்குழு மருந்து எழுதித் தராது. மருத்துவரிடம் போகச் சொன்னது. கடையில் இரும்பு மாத்திரை வாங்கி நானாக விழுங்கவில்லை, மிகுந்தாலும் இரும்பு கெடுதல். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, போதுமான அளவு சாப்பிடுகிறீர்களா என்பது. பயிற்சிக்குச் செலவாகும் ஆற்றலுக்கு ஈடாக உணவு இல்லாவிட்டால் எலும்பு, ஹார்மோன், நோய் எதிர்ப்பு என எல்லாம் ஆட்டம்காணும் என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இலேயே எச்சரித்திருக்கிறது. அவரிடம் கொடுத்த உணவுப் பட்டியலில் காலை ஓட்டத்துக்கு முந்தைய கட்டம் எல்லா நாளும் காலியாகவே இருந்தது. முதலில் அதை நிரப்பச் சொன்னார்.