வயருக்கு ஒரு வழி, காற்றுக்கு ஒரு வழி

செங்கோட்டையில் ஆனி பிறந்துவிட்டால், ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் சாரல் எங்கள் வீட்டின் மேற்குச் சுவரை விடாமல் நனைத்துக்கொண்டிருக்கும். மின்விசிறியே தேவைப்படாத அந்த நாட்களில்தான், கூடத்து மாடுலர் டிவி அலமாரிக்குள் இருந்த செட்டாப் பாக்ஸ் இரவு எட்டு மணிக்கு மேல் தானாக அணைந்து, மறுபடி உயிர்பெறத் தொடங்கியது. சாரலால் டிஷ் சிக்னல் குறைகிறது என்று நினைத்தேன். சிக்னல் குறைந்தால் திரையில் அறிவிப்பு வருமே தவிரப் பெட்டி அணைந்து எழாது என்பது அப்போது உறைக்கவில்லை. பெட்டியை மாற்றித் தந்தார்கள். புதியதும் மூன்றாம் நாளே அதே வேலையைக் காட்ட, கழற்றுவதற்காகக் கை வைத்தேன். அந்தச் சூட்டில் விரல் நிற்கவில்லை.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். செட்டாப் பாக்ஸ், மோடம், சிறிய ஆம்ப்ளிபையர், அவற்றின் அடாப்டர்கள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 50 வாட். அதாவது, அந்தக் காலத்துக் குண்டு பல்பு ஒன்றை மூடிய அலமாரிக்குள் மாலை முழுவதும் எரியவிட்டதற்குச் சமம். இத்தகைய கருவிகளில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் என்னும் மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடும்போதெல்லாம் ஏறக்குறையப் பாதியாகிவிடும் என்பது மின்னணுப் பழுது பார்ப்பவர்களின் பழைய கணக்கு.

அலமாரியின் பின்பலகையில், அடிப்பக்கத்தில், 60 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரே ஒரு துளை இருந்தது. வயர்கள் நுழைவதற்கென்று கடைக்காரர்கள் போட்டுத் தந்தது அது. அதுவேதான் அந்த அலமாரியின் மூக்கும். ஆறேழு வயர்கள் மட்டும் அதை அடைத்துவிடவில்லை. தேவைக்கு மேல் நீண்ட எச்டிஎம்ஐ கேபிளின் மிச்சத்தைச் சுருட்டிக் கட்டி நான் செருகிய முடிச்சும், அதற்கு நேர் முன்னால் நிறுத்திய ஸ்பைக் பஸ்டரும்தான் அடைத்திருந்தன. எதையும் கண்ணுக்குத் தெரியாமல் ஒளித்துவிட்டதில் அன்று எனக்கு எவ்வளவு பெருமை!

சூடான காற்று மேலே ஏறும் என்பதால் கீழே ஒரு துளை மட்டும் இருந்து பயனில்லை. குளிர்ந்த காற்று கீழே நுழையவும், சூடானது மேலே வெளியேறவும் தனித்தனி வழிகள் வேண்டும். ஆசாரியிடம் மேலே இரண்டு, கீழே இரண்டு துளைகள் கேட்டேன். “பின்பலகையில இத்தன ஓட்ட போட்டா யூனிட் ஆட்டம் குடுக்கும் அண்ணாச்சி” என்றார். அவர் சொன்னது நியாயம்தான். அந்த மெல்லிய பலகைதான் அலமாரி கோணாமல் பிடித்து வைத்திருக்கிறது. ஆகவே மூலைகளை விட்டுத் தள்ளித் துளையிட்டோம். வெட்டிய விளிம்புகளில் பார்ட்டிகிள் போர்டு சாரலின் ஈரத்தைக் குடித்து ஊதிவிடும் என்பதால், இரண்டு முறை வார்னிஷ் பூசினோம். பல்லி நுழைந்து மின்பலகையில் செத்துக் கிடப்பதை எங்கள் ஊரில் பார்க்காத மெக்கானிக் இல்லை என்பதால் காற்றுத் துளைகளுக்குக் கம்பி வலை அடித்தோம். கொசுவலை வேண்டாம், ஒரே மாதத்தில் தூசி படிந்து மூடிக்கொள்ளும். கடைசியாக, அலமாரியையே ஈரச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் முன்னால் இழுத்து வைத்தோம். இல்லையென்றால் துளைகள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கும்.

மின்விசிறி பொருத்தவில்லை. 200 வாட் வரை இழுக்கும் கேம் கன்சோலை வைத்திருப்பவர்களுக்கு அது தேவைப்படலாம். எங்கள் சுமைக்கு அது தூசியை உறிஞ்சும் கருவியாகத்தான் முடியும். மோடத்தை மட்டும் அலமாரியின் மேலே எடுத்து வைத்தேன். சூடும் குறைந்தது, பின்னறை வரை வைஃபையும் எட்டியது.

வயர்களுக்கு வருகிறேன். மூன்று மீட்டர் எச்டிஎம்ஐ கேபிளுக்குப் பதிலாக ஒன்றரை மீட்டர் வாங்கியதும் பாதிச் சிக்கல் தீர்ந்தது. மின்சார வயர்களை ஒரு பக்க பிவிசி கேசிங்கிலும், சிக்னல் வயர்களை மறுபக்கத்திலும் இறக்கினேன். ஒன்றையொன்று கடக்க வேண்டிய ஒரே இடத்தில் குறுக்காகக் கடக்கவிட்டேன். ஒருமுறை இறுக்கினால் வெட்டித்தான் எடுக்க வேண்டிய பிளாஸ்டிக் டேக்குகளை விட, ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ பட்டைகளே மேல். டிஷ்ஷிலிருந்து வரும் வயரை மூலையில் மடக்காமல் அகலமாக வளைத்துவிட வேண்டும். மடங்கினால் உள்கம்பியைச் சுற்றியிருக்கும் காப்பு நசுங்கிச் சிக்னல் கெடும்.

ஐப்பசியில் இடி இறங்கும்போது ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. சுவர் பிளக்கோடு டிஷ் வயரையும் பிடுங்கியாக வேண்டும். முன்பெல்லாம் எது எதன் வயர் என்று தெரியாமல் அம்மா என் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்பார். இரண்டிலும் சிவப்பு நாடா சுற்றி, கை எட்டும் இடத்தில் விட்டிருக்கிறேன். இப்போது மேற்கே கருக்கும்போதே பிடுங்கிவிட்டு, “புடுங்கிட்டேன்” என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறார்.