லிலோங்வேயில் ஆறு வாரம், பதினொரு கைக்குழந்தைகள்

கரண்ட் போன ராத்திரிகளில் பால் கலக்கத் தண்ணீர் காய்ச்சுவது ம்பவுலாவில்தான். கரி போட்டு எரிக்கிற தகர அடுப்பு அது, ஆப்பிரிக்காவில் இருக்கும் மலாவியில் எங்கே போனாலும் பார்க்கலாம். வராந்தாவுக்கு வெளியே மழை ஊற்றிக்கொண்டிருக்கும், ஒரு அமாயி அடுப்பை விசிறிக்கொண்டிருப்பார், நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அமாயி என்றால் அம்மா. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களை அங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அது கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு இல்லம். உள்ளே பதினொரு குழந்தைகள், மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பால். ஒன்று அழ ஆரம்பித்தால் அடுத்தடுத்த தொட்டில்களும் எழுந்துகொள்ளும், அதனால் கொதித்த தண்ணீர் ஆறும்வரை இரண்டு பேருக்குமே பதற்றம்தான்.

நான் போனது ஜனவரியில். மும்பையிலிருந்து அடிஸ் அபாபா, அங்கிருந்து லிலோங்வே. மலாவியின் தலைநகரம்தான், ஆனால் பெரிய நகரம் என்ற உணர்வே வராது, அவ்வளவு மரங்களும் திறந்த வெளியும். பேட்டைகளுக்கு ஏரியா 2, ஏரியா 47 என்று எண்கள், அந்த எண்களும் வரிசையாக இருக்காது. மழைக்காலமாதலால் ஊரைத் தாண்டினால் எங்கும் பச்சை, ஆள் உயரத்துக்கு மக்காச்சோளம். பார்க்கச் செழிப்பாகத் தெரியும். உண்மையில் மலாவியில் பசி அதிகமான மாதங்கள் இவைதான். போன அறுவடை தீர்ந்திருக்கும், புதியது ஏப்ரல் வாக்கில்தான் வரும்.

நான் இருந்த இல்லத்தின் பெயரையும் குழந்தைகளின் பெயர்களையும் எழுதப்போவதில்லை, படங்களும் போடப்போவதில்லை. சேருவதற்கு முன்பே போலீஸ் சான்றிதழ் கேட்டார்கள், குழந்தைகளைப் படம் எடுக்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

கிளம்பும்போது 'அநாதைக் குழந்தைகள்' என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனேன். போன இரண்டாம் நாளே அந்த வார்த்தையைச் சொல்லக் கூச்சமாகிவிட்டது. அங்கிருந்த எல்லாக் குழந்தைக்கும் யாரோ இருந்தார்கள். பெரும்பாலும் பிரசவத்திலோ அதற்கடுத்த நாட்களிலோ அம்மா இறந்துபோயிருப்பார். குறைமாதப் பிள்ளைகளும் நிறைய. 2012ல் வந்த உலக அறிக்கை ஒன்றில் குறைமாதப் பிறப்பில் மலாவிதான் முதலிடம், நூற்றுக்குப் பதினெட்டு. அப்பா, பாட்டி, அக்காக்கள் எல்லாம் கிராமத்தில் இருப்பார்கள். இல்லாதது பால் மட்டும்தான். மூன்று மாதக் குழந்தைக்கு 400 கிராம் பால் பவுடர் டப்பா மூன்று நாள் வந்தால் பெரிது. கூலி வேலைக்குப் போகும் வீடு அதை எப்படி வாங்கும்? வேறு வழியில்லாமல் மக்காச்சோள மாவைக் கஞ்சியாகக் கரைத்து ஊட்டுவார்கள், பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வரும், எலும்பும் தோலுமாகத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவருவார்கள். அங்கிருந்துதான் இல்லத்துக்கு.

இன்னொரு விஷயம். லிலோங்வேயைச் சுற்றி இருப்பவர்கள் செவா மக்கள், தாய்வழிச் சமூகம். பிள்ளை அம்மாவின் குடும்பத்தைச் சேர்ந்தது, முக்கியமான முடிவுகளில் தாய்மாமன் பேச்சுக்குத்தான் எடை. அதனால் பிள்ளையைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் அம்மாவைப் பெற்ற பாட்டிகள். அகோகோ என்பார்கள். மகளைப் புதைத்த துக்கத்தோடு பேரனைப் பார்க்க மினிபஸ் பிடித்து வரும் அந்தப் பாட்டிகளை என்னால் மறக்க முடியாது.

சரி, என் வேலை என்ன? பெரும்பாலும் துவைப்பதும் இஸ்திரி போடுவதும். துணி நாப்கின்தான், பதினொரு பிள்ளைக்கு எவ்வளவு சேரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். காய்ந்த துணியை அப்படியே மடித்து வைக்க முடியாது. ஈரத்துணியில் முட்டையிடுகிற புட்ஸி என்ற ஈ ஒன்று உண்டு, அந்த முட்டை பொரித்துப் புழு தோலுக்குள் இறங்கிக் கட்டியாக வீங்கும். அதனால் உள்சட்டை, துண்டு, தொட்டில் விரிப்பு எதையும் விடாமல், தையல் மடிப்புகளையும் சேர்த்துச் சூடு காட்டியாக வேண்டும். கரண்ட் இல்லாத நாளில் கரிப்பெட்டி.

முதல் வாரம் ஒரு தப்பு செய்தேன். நாலு மாதப் பையன் ஒருவன், நான் ஆராரோ பாடினால் உடனே தூங்குவான். எந்நேரமும் அவனையே தூக்கி வைத்துக்கொண்டேன். ஒரு நாள் மூத்த அமாயி என்னை உட்கார வைத்து, "அச்செம்வாலி, நீ துவைக்கப் போன நேரம் அவன் யாரிடமும் பால் குடிக்கவில்லை. நீ ஊருக்குப் போனபிறகு என்ன செய்வான்?" என்றார். அச்செம்வாலி என்றால் சகோதரி. கோபமே இல்லாத குரலில்தான் சொன்னார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவன் ஏற்கெனவே ஒருத்தியை இழந்தவன், நான் இரண்டாவது ஆளாக இருக்கப் பார்த்தேன்.

அப்புறம் அவனைத் தூக்குவதை அமாயிகளிடம் விட்டுவிட்டு அடுப்படிக்கும் துணிக்கொடிக்கும் போனேன். நம்மைப் போல விருந்தாளியாக வந்து போகிறவர்களுக்கு அதுதான் சரியான இடம் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். நாம் துவைத்தால் அமாயிக்கு ஒரு பிள்ளையை இன்னும் பத்து நிமிஷம் கூடுதலாக மடியில் வைத்திருக்க நேரம் கிடைக்கும். வெளிநாட்டவர் வருகைக்காகவே பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்து நடத்தப்படும் இல்லங்களும் உலகத்தில் உண்டு. ஆஸ்திரேலியா 2018ல் அதை நவீன அடிமைத்தனம் என்றே அங்கீகரித்தது. போக நினைக்கிறவர்கள் பிள்ளைகள் எப்போது, யாரிடம் வீட்டுக்குத் திரும்புகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் போகாதீர்கள்.

ஐந்தாவது வாரம் அந்தப் பையனின் பாட்டி வந்தார். அவனுக்கு அவரைத் தெரியவில்லை, வீறிட்டு அழுதான். பாட்டி சித்தெஞ்செயின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அங்கே பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும், பிள்ளையை முதுகில் கட்டிக்கொள்ளும் துணி அது. உடனே அனுப்பிவிடவில்லை, அவரையும் அங்கேயே தங்க வைத்தார்கள். முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்தார், அடுத்த நாள் குளிப்பாட்டினார், பால் கலக்கப் பழகினார். எனக்கு அவர்கள் பேசும் சிச்சேவா மொழியில் நாலு வார்த்தைதான் தெரியும், அவருக்கு எழுத்து தெரியாது. அதனால் புட்டியில் எந்தக் கோடுவரை தண்ணீர், எத்தனை கரண்டி பவுடர் என்று நகத்தால் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். அவரும் அதேபோல் எனக்குத் திருப்பிக் காட்டினார். ஐந்தாம் நாள் காலையில் அவனைச் சித்தெஞ்செயால் முதுகில் இறுக்கிக் கட்டியபோது அவன் அழவில்லை. கன்னத்தை முதுகில் ஒட்டிவைத்துத் தூங்கிவிட்டான்.

ஒரு மாதத்துக்கான டப்பாக்களைச் சாக்கில் கட்டிக் கொடுத்தார்கள், அடுத்த மாதம் கிராமத்துக்கே கொண்டுவந்து தருவதாகச் சொன்னார்கள். மினிபஸ் நிறுத்தம்வரை சாக்கை நான் சுமந்துபோனேன். ஏறி உட்கார்ந்ததும் பாட்டி ஜன்னல் வழியாக மூன்று விரலைக் காட்டினார், மூன்று கரண்டிதானே என்று. ஆமாம், மூன்று.