வெட்டுப்புள்ளி வரும்வரை

ஜூன் 9

பல்கலைக்கழக அனுமதிக் கைநூல் வந்துவிட்டது. அப்பா நான்காம் குறுக்குத் தெருவிலிருந்து திரும்பும்போது வாங்கிவந்தார். அட்டையில் வெங்காய வாசம்.

இரவு இரண்டு மணிவரை புரட்டினேன். ஒவ்வொரு பாடநெறிக்கும் ஓர் இலக்கம், ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் அதன் பின்னால் ஓர் எழுத்து. விருப்ப வரிசையில் மேலிருந்து எதற்கு என் இசட் புள்ளி, அதாவது உயர்தரப் பரீட்சைப் புள்ளி, முதலில் போதுமோ அதுதான் கிடைக்கும். அதற்குக் கீழே எழுதியவற்றை யாரும் பார்க்கப் போவதில்லை. வரிசையை ஒருமுறை எழுதி அனுப்பிவிட்டால் பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

ஜூன் 10

பௌதிக விஞ்ஞானம், கொழும்பு. பௌதிக விஞ்ஞானம், பேராதனை. பிறகு ஸ்ரீ ஜயவர்தனபுர, களனி, யாழ்ப்பாணம். கணிதம் இந்தப் பாடநெறிக்குள்தான் இருக்கிறது.

பொறியியலை எல்லாவற்றுக்கும் மேலே போடு என்கிறார் மாமா. வெட்டுப்புள்ளி, அதாவது இடம் கிடைக்கத் தேவையான ஆகக் குறைந்த புள்ளி, மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். கொழும்பு மாவட்டத்தில் என் புள்ளிக்கு அது கிடைக்காது என்பது அவருக்கும் தெரியும். சும்மா போட்டு வை, நட்டமில்லையே என்கிறார். தற்செயலாகக் கிடைத்துவிட்டால் நான்கு வருடம் அதைப் படிக்கப் போவது நான். போடவில்லை.

ஜூன் 13

மீண்டும் அந்தச் சிறிய தனியார் பல்கலைக்கழகத்திலிருந்து தொலைபேசி. ஜூலை 31க்குள் முதல் தவணையைக் கட்டினால் கட்டணத்தில் கழிவு. செப்டெம்பரில் வகுப்புத் தொடங்கிவிடும். கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டேன். கிடைக்காதாம். மிகவும் மரியாதையாகச் சொன்னார்கள்.

ஜூன் 17

இன்று அங்கே போனேன். குறை கண்டுபிடிக்கும் எண்ணத்தோடுதான் போனேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

ஐந்து மாடிக் கட்டடம். முற்றம் இல்லை, மரம் இல்லை. மாதிரி வகுப்பு என்று மூன்றாம் மாடியில் ஓர் அறையில் உட்காரவைத்தார்கள். முப்பது கதிரைகள் இருந்திருக்கும். வந்த விரிவுரையாளர் ஒவ்வொருவரின் பெயரையும் கேட்டுக் கையிலிருந்த தாளில் எழுதிக்கொண்டார். பிறகு வெள்ளைப் பலகையில் நான்கு புள்ளிகளைப் போட்டு அவற்றை ஏழு கோடுகளால் இணைத்தார். கோனிக்ஸ்பேர்க் நகரம், நான்கு நிலங்கள், ஏழு பாலங்கள். ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒரு தடவை கடந்து ஊரைச் சுற்றிவர முடியுமா?

முன்வரிசைப் பையன் பலகைக்குப் போய் விரலால் தடவித் தடவிப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் ஒரு பாலம் மிஞ்சியது. அவர் திடீரென்று என் பெயரைச் சொல்லி, நீங்கள் ஏன் பேனாவை எடுக்கவில்லை என்று கேட்டார். புள்ளிகளில் வந்து சேரும் கோடுகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவர் முகம் மலர்ந்ததை இப்போதும் பார்க்கிறேன். ஒரு நிலத்துக்குள் நுழைந்து வெளியேறினால் இரண்டு பாலம் செலவாகிறது. ஆகவே பயணம் தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் தவிர மற்ற எல்லா நிலங்களிலும் பாலங்கள் இரட்டைப்படையில் இருக்க வேண்டும். இங்கே ஐந்து, மூன்று, மூன்று, மூன்று. நான்குமே ஒற்றைப்படை. முடியவே முடியாது. கணிதவியலாளர் ஓயிலர் 1736இல் எழுதியது இவ்வளவுதான். எத்தனை கோடி வழிகளில் நடந்து பார்த்தாலும் முடியாது என்பதை, ஓரடிகூட நடக்காமல் சொல்லிவிட்டார்.

ரியூசன் மண்டபத்தில் ஒலிபெருக்கியில் கேட்டே கணிதம் படித்தவள் நான். ஓர் ஆசிரியர் என் பெயரைச் சொல்லிக் கேள்வி கேட்டு எவ்வளவு காலம்!

வீட்டுக்கு வந்து தம்பிக்கு அதே படத்தைப் போட்டுக் காட்டினேன். அவன் இன்னும் ஒரு பாலம் கட்டினால் சரியாகிவிடுமா என்று கேட்டான். சரியாகிவிடும், ஆனால் புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப முடியாது. அவனே கண்டுபிடித்தான்.

ஜூன் 18

முதல் தவணை மூன்று இலட்சம்.

ஜூன் 20

விண்ணப்பம் அனுப்பியாயிற்று. அச்சிட்ட பிரதியை அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாக வாசித்தார்.

ஜூன் 22

அம்மாவுக்குப் பேராதனை என்றாலே பகிடிவதைதான் நினைவுக்கு வருகிறது. 1997இல் அங்கே ஒரு தமிழ் மாணவன் பகிடிவதையால் இறந்தபோது அம்மாவும் உயர்தர வயதுப் பிள்ளை. அடுத்த வருடமே சட்டம் வந்துவிட்டது என்றேன், 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம். “சட்டம் வந்தால் பிள்ளை வருமா?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. தையல் மெஷின் சத்தம் இரவு வெகுநேரம் நிற்கவில்லை.

அப்பாவுக்கு வேலைநிறுத்தக் கவலை. 2024இல் கல்விசாரா ஊழியர்கள் இரண்டு மாதத்துக்கு மேல் வேலைக்கு வரவில்லை, எல்லா அரச பல்கலைக்கழகங்களும் முடங்கிக் கிடந்தன. நான்கு வருடம் ஐந்தாகலாம். அந்தச் சிறிய இடத்தில் முடியும் திகதியை இன்றைக்கே எழுதித் தருகிறார்கள். இதை அப்பா குற்றமாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார். கணக்கு எழுதுவதுதானே அவர் தொழில். தம்பிக்கு இந்த வருடம் சாதாரண தரம். அடுத்த கணக்கு அவனுடையது.

ஜூன் 29

அப்பப்பா இன்று மீண்டும் தொடங்கிவிட்டார். 250, 227.

எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிவதற்கு முன்பே இந்த இரண்டு எண்களும் தெரியும். 1971இல் பேராதனைப் பொறியியலுக்குத் தமிழில் எழுதியவர்களுக்கு 250 வேண்டியிருந்தது, சிங்களத்தில் எழுதியவர்களுக்கு 227 போதுமாக இருந்தது. கட்டுபெத்தைப் பொறியியலுக்கு 232, 212. அப்பப்பா எடுத்தது 231. ஒரே ஒரு புள்ளி என்று சுண்டுவிரலை நிமிர்த்திக் காட்டுவார். பிறகு ஆசிரியராகி முல்லைத்தீவில் கணிதம் படிப்பித்தார்.

“அரசாங்கக் கம்பஸில் உனக்கு ஓர் இடம் கிடைத்தால் அது எங்கள் எல்லோருக்கும் கிடைத்தது, பிள்ளை” என்றார். இந்தப் பாரத்தை நான் கேட்டு வாங்கவில்லை. அவருக்கு முன்னால் அழக்கூடாது என்று பல்கனிக்குப் போனேன்.

ஜூலை 4

முல்லைத்தீவு மச்சாள் அழைத்தாள். பொறியியல் நிச்சயம் கிடைக்கும் என்று அவளுடைய ஆசிரியர் சொல்கிறாராம். அவளுடைய இசட் புள்ளி என்னுடையதைவிடக் குறைவு. வாழ்த்தினேன். தொலைபேசியை வைத்தபின் நெஞ்சு எரிந்தது. ஒரே பரீட்சை, ஒரே வினாத்தாள், ஒரே மொழி. நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 இடம் மாவட்ட வாரியாக, 5 இடம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நான் வெள்ளவத்தையில் பிறந்ததற்கு என்ன செய்ய?

ஜூலை 6

அப்பப்பாவிடம் சொன்னேன். உங்களுக்கு 1971, எனக்கு இது என்றேன். என் பக்கம் நிற்பார் என்று முழுதாக நம்பினேன்.

அவர் கோபப்பட்டார். அப்படி நான் பார்த்ததில்லை. “உன் வீட்டுக்குப் பக்கத்தில் எத்தனை ரியூசன் நிலையம்? அவளுடைய பள்ளிக்கூடத்தில் இணைந்த கணிதத்துக்கு ஒரு வருடம் ஆசிரியரே இல்லை. எங்களை வெட்டியது மொழியைப் பார்த்து. இது பள்ளிக்கூடத்தைப் பார்த்துக் கைகொடுப்பது. இரண்டையும் ஒன்றென்று இனி என் முன்னால் சொல்லாதே.” மூச்சு வாங்கியது. தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் சொல்வது சரி. இருந்தும் என் வயிற்றெரிச்சல் முழுதாக ஆறவில்லை. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கிறது.

ஜூலை 8

இரவு மச்சாளுக்கு நானே அழைத்தேன். விடுதி, சாமான், சிங்களம் தெரியாத பயம். ஒரு மணி நேரம் பேசினோம்.

ஜூலை 12

பம்பலப்பிட்டிச் சந்தியில் 100 இலக்க பஸ்ஸிலிருந்து இறங்கி பௌத்தாலோக மாவத்தை வழியாகத் தும்முல்லைக்கு நடந்தேன். அங்கிருந்து விஞ்ஞான பீடத்துப் பக்கம். உள்ளே போக அனுமதி கேட்கவில்லை, வேலி ஓரமாகவே நடந்தேன். 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய இடம். பௌதிகவியலாளர் டிராக்கிடம் கேம்பிரிஜ்ஜில் ஆய்வு செய்துவிட்டு வந்த எலியேசர் இங்கேதான் கணிதப் பேராசிரியராக இருந்தார். அப்பப்பா அந்தப் பெயரைச் சொல்லும்போது சாய்மனைக் கதிரையில் நிமிர்ந்து உட்காருவார்.

வாசலில் பெரிய கூட்டம். யாரும் யாரையும் கவனிக்கவில்லை. ஒரு பெண் படியில் குந்தியிருந்து சோற்றுப் பொதியைப் பிரித்துக்கொண்டே தன் குறிப்புகளை வாசித்தாள். இவ்வளவு பேர் நடுவில் யார் என் பெயரைக் கேட்பார்கள்? சிங்களத்தில் பகிடி சொன்னால் ஒரு கணம் பிந்தித்தான் எனக்குச் சிரிப்பு வரும். இந்தப் பயத்தை வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

ஜூலை 15

ரொறன்ரோ மாமி பணம் அனுப்புகிறேன் என்கிறார். வெளிநாட்டுப் பட்டம்தான் எங்கேயும் செல்லும் என்கிறார். அப்பா மறுக்கவுமில்லை, ஏற்கவுமில்லை. எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் பட்டம் வரும், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்குமா என்று கேட்டு எழுதிக்கொண்டார். தனியார் இடமாக இருந்தாலும் 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டப்படி அங்கீகாரம் பெற்றிருந்தால் பட்டம் செல்லும். அதைச் சரிபார்க்காமல் ஒரு சதமும் கொடுக்கமாட்டார். வட்டியில்லாக் கல்விக்கடன் பற்றியும் விசாரித்திருக்கிறார், எனக்குச் சொல்லாமல். படிவம் அவருடைய டயறிக்குள் மடித்துக் கிடந்தது.

ஜூலை 19

அந்த விரிவுரையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். கேட்டது ஒன்றுதான்: ஏழு பாலங்களுக்குப் பிறகு என்ன?

ஜூலை 21

பதில் வந்தது. எவ்வளவு நல்ல மனிதர். மூடி மறைக்காமல் எழுதியிருக்கிறார். கணிதம் முதல் வருடத்தில்தான். பிறகு மென்பொருள், தரவுத்தளம், வலையமைப்பு, பயிலுநர் வேலை. கணிதத்தை மட்டும் தொடர்ந்து படிக்க அங்கே வழியில்லை. “அது உங்களுக்கு வேண்டுமென்றால் அரச பல்கலைக்கழகத்து விஞ்ஞான பீடம்தான்” என்று அவரே எழுதியிருக்கிறார்.

யோசித்துப் பார்க்கிறேன். பிரசுரங்கள் மேசை நிறையக் கிடக்கின்றன. கணினி, முகாமைத்துவம், சட்டம், பொறியியல். கட்டணம் கட்ட ஆள் கிடைக்கும் பாடங்கள்தான் எல்லாம். அவர்களைக் குற்றம் சொல்லவில்லை, கட்டடத்துக்கு வாடகை கொடுக்க வேண்டும். ஆனால் யாரும் வாங்க வராத ஒரு பாடத்தை, முல்லைத்தீவிலிருந்தோ மொனராகலையிலிருந்தோ வருகிற பிள்ளைக்கும் பணம் வாங்காமல் படிப்பிக்க இந்த நாட்டில் ஓரிடம் இருக்கிறதென்றால் அது அந்தப் பெரிய இடம்தான். சிறியதா பெரியதா என்று இத்தனை நாள் வீடே பிரிந்து நிற்கிறது. எனக்கு வேண்டியது இரண்டில் ஒன்றில் இல்லவே இல்லை என்பதை யாரும் பார்க்கவில்லை.

ஜூலை 24

அப்பப்பா இன்று சாப்பிடவில்லை. 1983 கலவரம் தொடங்கிய நாள். ஒவ்வொரு வருடமும் இப்படித்தான். அம்மா கதவுகளை எல்லாம் நேரத்தோடு பூட்டினார்.

ஜூலை 29

“வெட்டுப்புள்ளி உனக்கு மேலே போய்விட்டால்?” அப்பாவின் கேள்வி. கேட்க வேண்டிய கேள்விதான். அரச இடம் கிடைக்குமா என்று தெரிவதற்கு முன்பே தனியார் இடத்துக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. கட்டிவிட்டுக் காத்திருக்க வசதி உள்ளவர்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. எங்கள் வீட்டில் மூன்று இலட்சம் என்றால் அம்மாவின் காப்புகள்.

கொழும்பு இல்லாவிட்டால் பேராதனை, அதுவும் இல்லாவிட்டால் களனி, யாழ்ப்பாணம். எல்லாவற்றிலும் கணிதம் இருக்கிறது என்றேன். எதுவுமே இல்லாவிட்டால்? மீண்டும் எழுதுவேன் என்றேன். குரல் நடுங்கியது, ஆனால் சொல்லிவிட்டேன்.

ஜூலை 31

கட்டவில்லை.

ஓகஸ்ட் 3

அம்மா என்னோடு பேசவில்லை. பேராதனைக் குளிருக்கு உடுப்பு வேண்டும் என்று தம்பியிடம் சொல்கிறார், எனக்குக் கேட்கும்படி.

ஓகஸ்ட் 16

கீழ்வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேருக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒருத்திக்குப் பின்னம் வரவில்லை. அவளுடைய கொப்பியைப் பார்த்தால் கூட்டலில் மேலேயும் கீழேயும் எல்லாவற்றையும் கூட்டிவைத்திருக்கிறாள். அரை, கால் என்று பாண் துண்டை வெட்டிக் காட்டினேன். புரிந்ததும் அவளுக்கு வந்த சிரிப்பு!

ஓகஸ்ட் 30

அங்கே சேர்ந்த தோழி புதிய அடையாள அட்டையின் படத்தை அனுப்பியிருக்கிறாள். அழகாக இருக்கிறாள். எனக்குப் பொறாமை. பகல் முழுவதும் படுத்தே கிடந்தேன்.

செப்டெம்பர் 7

வரவில்லை.

செப்டெம்பர் 11

வந்ததாக வதந்தி. போன வருடத்துப் பட்டியலை யாரோ பரப்பியிருக்கிறார்கள். கை குளிர்ந்துபோயிற்று. அப்பா வேலையிடத்திலிருந்து மூன்று தரம் அழைத்தார்.

செப்டெம்பர் 19

கொழும்பு தவறிவிட்டது. பேராதனை கிடைத்துவிட்டது.

பௌதிக விஞ்ஞானம். இசட் புள்ளிப் பட்டியலில் கொழும்பு மாவட்டத்து வரியை அப்பா அளவுகோல் வைத்துப் பார்த்தார், பிறகு மாமா பார்த்தார், பிறகு நான். அப்பப்பா எண்ணைச் சொல் என்றார். சொன்னேன். திரும்பச் சொல் என்றார்.

செப்டெம்பர் 21

அம்மா பேசினார். விடுதி முதல் வருடத்தில் எல்லோருக்கும் உண்டா, இரவில் வாசலில் காவல் இருக்குமா, கோட்டையிலிருந்து முதல் ரெயில் எத்தனை மணிக்கு? ஒவ்வொன்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். பகிடிவதை நடந்தால் யாருக்கு முறையிடுவது என்பதையும் எழுதச் சொன்னார். தெரிந்துகொண்டு எழுதிக் கொடுத்தேன்.

செப்டெம்பர் 24

பதிவுப் பணம் கட்டியாயிற்று. விரிவுரையாளருக்கு எழுதினேன், உடனே பதில் வந்தது: பேராதனை நூலகத்தில் என்னென்ன தேட வேண்டும் என்று ஒரு நீண்ட பட்டியல். மருத்துவச் சான்றிதழுக்கு நாளை போக வேண்டும். மச்சாளுக்கும் பேராதனைதான், பொறியியல் பீடம். அவள் வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வருகிறாளாம், முதல் நாள் எங்கே சந்திப்பது என்று கேட்கிறாள். கலஹாச் சந்தி என்று எழுதிவிட்டு, அப்பப்பாவிடம் சொல்லப் போனேன்.